யார் காலை யார் கழுவுவது: ஊழியம் என்ற சொல்லின் வரலாறு



நம் ஊர்ச் சுவர்களில் இன்று அதிகமாகக் கண்ணில்படும் சொற்களில் ஒன்று ஊழியம். சபை ஊழியம், ஜெப ஊழியம், சிறுவர் ஊழியம், கிராம ஊழியம் என்று அது பல பெயர்களில் உலவுகிறது. பிள்ளையை ஊழியத்துக்கு ஒப்புக்கொடுத்திருக்கிறோம் என்று பெற்றவர்கள் பெருமையாகச் சொல்கிறார்கள். ஊழியக்காரர் வந்தால் சேரி வீட்டில் இருக்கும் ஒரே நாற்காலி அவருக்குத்தான் போடப்படுகிறது. இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு, திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் தென்கோடியில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், இதே சொல் காதில் விழுந்தால் மக்கள் ஒளிந்துகொள்ள இடம் தேடினார்கள். அங்கே ஊழியம் என்றால் அரசுக்குக் கூலியில்லாமல் செய்தே தீரவேண்டிய கட்டாய வேலை.

கிறித்தவத்தில் தாழ்மையான சேவை என்பது பற்றிய உரையை வேதாகமத்திலிருந்து தொடங்குவதுதான் வழக்கம். அங்கேயும் போவோம். ஆனால் நம் கால்கள் முதலில் நின்ற இடம் அந்த ஊழிய வரிசைதான். அங்கிருந்து தொடங்குவதே நமக்கு நேர்மை.

அந்த ஊழியம் என்னவென்று கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். நெல்லும் உப்பும் சுமப்பது, விறகு வெட்டிக் கொண்டுபோய்ப் போடுவது, யானைக்கு ஓலை வெட்டுவது, அதிகாரிகள் பயணம் போனால் மூட்டை தூக்குவது, கோயில் திருவிழாக்களுக்குப் பொருள் கொண்டுசேர்ப்பது. அழைத்த நாளில் போக வேண்டும். விதைப்போ அறுப்போ, வீட்டில் பிணம் கிடக்கிறதோ, கணக்கில் வராது. போகாவிட்டால் அடி, அபராதம். திருவிதாங்கூருக்குத் தர்மபூமி என்று ஒரு பெயர் உண்டு. இலண்டன் மிஷனரி சங்கத்தைச் சேர்ந்த சாமுவேல் மட்டீர் 1871இல் அந்தச் சமஸ்தானத்தைப் பற்றி எழுதிய நூலுக்கு அந்தப் பெயரையே தலைப்பாக வைத்தார். பிராமணர்களுக்கு இலவசமாகச் சோறு போடும் ஊட்டுப்புரைகள் சமஸ்தானம் முழுக்க இருந்தன. திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலில் ஆறு ஆண்டுக்கு ஒருமுறை 56 நாள் முறைஜபம் நடக்கும், அங்கேயும் அன்னதானம். அந்தச் சோற்றுக்கான அரிசியும் காய்கறியும் விறகும் போய்ச்சேர்ந்ததில் ஊழியக்காரர்களின் தலைச்சுமைக்குப் பெரிய பங்கு உண்டு. தானம் கொடுத்தவர் மன்னர். சுமந்தவர்கள் நாடார், பறையர், புலையர், ஈழவர் முதலான சாதியினர். அவர்களுள் பறையரும் புலையரும் இன்னொரு படி கீழே இருந்தார்கள். பலர் நிலத்தோடு சேர்த்து விற்கவும் அடகு வைக்கவும் முடிகிற அடிமைகள். சமஸ்தானத்தில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்ததே 1855இல்தான்.

தமிழகத்தின் மற்றப் பகுதிகளும் இதற்கு விலக்கில்லை. சோழர் காலக் கல்வெட்டுகளில் அடிக்கடி வரும் கடமைகளுள் வெட்டி என்பது ஒன்று. அதுவும் கட்டாய உழைப்புத்தான். அந்தச் சொல் இன்று வெட்டி வேலை, வெட்டிப் பேச்சு என்று பயனில்லாதது என்ற பொருளில் நம் வாயில் புழங்குகிறது. கூலி தராத வேலையைப் பயனற்ற வேலை என்று சொல்வதில், செய்தவன் பக்கமிருந்து பார்த்தால், பிழை ஒன்றும் இல்லை. வெட்டி என்ற சொல்லுக்கு மக்கள் சரியான தீர்ப்பு எழுதிவிட்டார்கள். ஊழியம் என்ற சொல்தான் தப்பித்து, வெள்ளையுடுத்தி, கோயிலுக்குள் போய்விட்டது.

எப்படிப் போனது? புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் சேவையைக் குறிக்கும் சொற்களுள் இரண்டு முக்கியமானவை. தியாகோனோஸ் என்பது பந்தியில் பரிமாறுபவன், ஏவல் செய்பவன் என்ற பொருளில் தொடங்கிய சொல். தூலோஸ் என்பது அடிமை. விலைக்கு வாங்கப்பட்டவன், தன் உடம்பு தனக்குச் சொந்தமில்லாதவன். பவுல் தன்னைக் கிறிஸ்துவின் தூலோஸ் என்றே அறிமுகம் செய்துகொள்கிறார். நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அது பல இடங்களில் ஊழியக்காரன் என்று வருகிறது. மொழிபெயர்த்தவர்கள் குறைசொல்லத்தக்க காரியம் எதையும் செய்யவில்லை. அந்தக் காலத்தில் ஊழியக்காரன் என்ற சொல்லுக்குள் சுமையும் வேர்வையும் இருந்தன. பின்னால்தான் அது மாறியது. சுமந்தவனின் பெயர் பேசுகிறவனின் பட்டமாயிற்று.

திருவிதாங்கூருக்குத் திரும்புவோம். கர்னல் மன்றோ ரெசிடெண்டாகவும் திவானாகவும் இருந்த காலத்தையொட்டி, கிறித்தவரானவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஊழியத்திலிருந்து விலக்கு கிடைத்தது. கோயில் காரியங்களுக்கான ஊழியத்திலிருந்தும் விலக்கு கிடைத்தது. இந்தச் செய்தியைத் திருச்சபை வரலாறுகள் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகின்றன. நாம் அப்படிப் போக முடியாது. தலைமுறை தலைமுறையாக வாரத்தின் ஏழு நாளும் பிறர் கையில் இருந்த ஓர் உடம்புக்கு முதல்முறையாக ஒரு நாள் சொந்தமாகிறது. அந்த நாளில் அது பாய்விரித்து உட்காருகிறது, பாட்டுப் படிக்கிறது, எழுத்துக் கற்றுக்கொள்கிறது. ஓய்வுநாள் கட்டளையை எகிப்தில் செங்கல் சுமந்துவிட்டு வந்த ஒரு கூட்டம் எப்படிக் கேட்டிருக்குமோ, அப்படித்தான் மயிலாடியிலும் நாகர்கோவிலிலும் கேட்டிருப்பார்கள்.

1818இல் வந்த சார்லஸ் மீட் மிஷனரி கொஞ்சகாலம் நாகர்கோவிலில் நீதிபதியாகவும் இருந்தார். அந்த ஓரிரு ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானோர் சபையில் சேர்ந்தார்கள். வரிக்கும் ஊழியத்துக்கும் பயந்து வந்தவர்கள், உலக லாபத்துக்காக வந்தவர்கள் என்று மிஷனரிகளே தங்கள் கடிதங்களில் அலுத்துக்கொண்டதுண்டு. பிற்காலத்தில் அரிசிக் கிறித்தவர் என்று ஏளனம் செய்தவர்களுக்கும் இதுதான் ஆதாரம். இந்த ஏளனத்தை நாம் ஏற்கவில்லை. அடிமையின் உருவத்தில் கடவுள் வந்தார் என்று ஒருவர் பிரசங்கிக்கிறார். அடிமையாக இருப்பவன் அதைக் கேட்டுவிட்டு, அப்படியானால் எனக்கு இந்த அடிமைத்தனம் இனி வேண்டாம் என்கிறான். இதில் எது லாபக்கணக்கு, எது விசுவாசம்? இறையியல் கல்லூரியில் படிக்காத அந்த மனிதன் சுவிசேஷத்தைச் சரியாகவே வாசித்தான் என்பது நம் கட்சி. சமஸ்தானமும் அதைப் புரிந்துகொண்டது. 1829 பிப்ரவரியில் வந்த பிரகடனம் நாடார் பெண்கள் தோள்சீலை அணியக்கூடாது என்றதோடு, நாடார்கள் மற்றவர்களைப் போல ஊழியம் செய்தாக வேண்டும் என்றும் சேர்த்தே சொன்னது. மார்பை மூடும் துணியும் கூலியில்லா வேலையும் ஒரே காகிதத்தில் வந்தன என்பதைக் கவனியுங்கள்.

இனி கொஞ்சம் பின்னால், வடக்கே, தரங்கம்பாடிக்குப் போக வேண்டும். சபைக்குள்ளேயே இந்தச் சொல் எப்படி இரண்டாகப் பிளந்தது என்பதை அங்கே பார்க்கலாம்.

சீகன்பால்க் தரங்கம்பாடியில் இறங்கியது 1706 ஜூலையில். அடுத்த ஆண்டு மே மாதம் அவர் முதன்முதலாக ஞானஸ்நானம் கொடுத்த ஐந்து பேரும் டேனிஷ்காரர்களின் வீடுகளில் இருந்த தமிழ் அடிமைகள். இந்தியப் புராட்டஸ்டண்டு சபையின் முதல் வரிசை அடிமைகளின் வரிசை. நூற்றாண்டு விழாக்களில் அச்சுக்கூடமும் முதல் தமிழ்ப் புதிய ஏற்பாடும் பேசப்படும் அளவுக்கு இந்த ஐவர் பேசப்படுவதில்லை.

அந்த அச்சுக்கூடத்திலிருந்து வந்த சுவிசேஷப் புத்தகங்கள் தஞ்சை அரசரின் படையில் இருந்த ஒரு பறையரின் கைக்குக் கிடைத்தன. அவர் பெயர் இராஜநாயக்கன். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர், வாசிக்கத் தெரிந்தவர். படித்ததில் பிடிப்புண்டாகி 1720களின் இறுதியில் தரங்கம்பாடி மிஷனில் சேர்ந்து உபதேசியாரானார். மிஷனரிகள் உள்ளே போகமுடியாத தஞ்சை நாட்டுக்குள் அவர் போனார். நாற்பது ஆண்டுக்கு மேல் நடந்தார். சபைகளைக் கூட்டினார், போதித்தார், எதிர்ப்பைத் தாங்கினார். 1771இல் இறந்தார்.

தரங்கம்பாடி மிஷன் 1733இல் முதல் தமிழ்க் குருவாக ஆரோனுக்குப் பட்டம் கொடுத்தது. அவர் வேளாளர். அடுத்த குருவைத் தேர்ந்தெடுக்கும்போது இராஜநாயக்கனின் பெயரும் பேசப்பட்டது. அவருடைய தகுதி பற்றி யாருக்கும் ஐயம் இல்லை. ஆனால் அவர் கையிலிருந்து மேல்சாதிக் கிறித்தவர்கள் இராப்போசனம் வாங்க மாட்டார்கள், அவர்கள் வீட்டுக்குள் அவர் நுழைய முடியாது என்று மிஷனரிகள் கருதினார்கள். 1741இல் பட்டம் தியோகு என்பவருக்குப் போனது. இராஜநாயக்கன் கடைசிவரை உபதேசியார்.

இங்கே நாம் நின்று யோசிக்க வேண்டும். குருத்துவத்தைச் சேவை என்றுதான் எல்லாச் சபைகளும் போதிக்கின்றன. எல்லாருக்கும் கீழே நின்று பரிமாறுகிற வேலை அது என்கின்றன. அப்படியானால் பரிமாறுகிற வேலையை ஒரு பறையருக்குக் கொடுக்க ஏன் தயங்கினார்கள்? ஊரில் கீழான வேலை எல்லாவற்றையும் அவர் சாதியின் தலையில் கட்டியவர்கள், கோயிலுக்குள் இருந்த இந்த ஒரு கீழான வேலையை மட்டும் அவருக்கு மறுத்தார்கள். அது உண்மையில் கீழான வேலை இல்லை என்று எல்லாருக்கும் தெரியும். தாழ்மை என்பது அங்கே ஒரு பதவியின் பெயராகிவிட்டது. பதவி என்றானபிறகு அதற்குச் சாதி பார்த்தார்கள்.

தரங்கம்பாடி, தஞ்சாவூர், சென்னை வேப்பேரி சபைகளில் உட்காரும் இடம் தனித்தனி. இராப்போசனப் பாத்திரத்தை முதலில் தொடுபவர், கடைசியில் தொடுபவர் என்று வரிசை. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேற்றுமையை உடனே, முற்றாக ஒழிக்க வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சையிலும் வேப்பேரியிலும் வேளாளக் கிறித்தவர்கள் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். மிஷனரிகளை மட்டும் பாராட்டிவிடவும் வேண்டாம். தென்திருவிதாங்கூரில் முப்பது ஆண்டுக்கு மேல் உழைத்த அதே சார்லஸ் மீட், மனைவி இறந்த பிறகு, 1850களின் தொடக்கத்தில் பறையர் குலத்தில் பிறந்த ஒரு கிறித்தவப் பெண்ணை மணந்தார். உடன்வேலை செய்த வெள்ளைக்கார மிஷனரிகளால் அதைத் தாங்க முடியவில்லை. அவர் சங்கத்தை விட்டு விலக நேர்ந்தது. பறையருக்கு ஊழியம் செய்யலாம், பறையருக்குச் சம்பந்தியாகக்கூடாது.

இந்த வரலாறு மருத்துவமனைகளுக்குள்ளும் தொடர்கிறது. நெய்யூரில் 1838இல் தொடங்கிய மருத்துவப் பணி, வேலூரில் ஐடா ஸ்கடர் தொடங்கிய பணி ஆகியவற்றால் பிழைத்தவர்கள் நம் குடும்பங்களிலும் உண்டு. நன்றியோடுதான் சொல்கிறோம். ஆனால் செவிலியர் பணி இந்தியாவில் எப்படித் தொடங்கியது என்று பாருங்கள். சீழையும் மலத்தையும் தொடும் வேலை தீட்டு என்று மேல்சாதிப் பெண்கள் விலகி நின்றபோது, முதலில் வந்தவர்களில் பெரும்பகுதியினர் கிறித்தவப் பெண்கள். அவர்களில் பலர் ஒடுக்கப்பட்ட சாதிகளில் பிறந்தவர்கள். சபை அதைப் புனிதச் சேவை என்றது. புண்ணைக் கழுவிய அன்னை தெரசாவுக்கு 1979இல் நோபல் பரிசும் 2016இல் புனிதர் பட்டமும் கிடைத்தன. அவர் உழைப்பை நாம் சிறுமைப்படுத்தவில்லை. ஆனால் அதே காலத்தில், அதே கல்கத்தாவிலும் சென்னையிலும், உலர்கழிப்பறையைக் கழுவிய பெண்ணுக்கு என்ன கிடைத்தது? தெரிவுசெய்து குனிந்தவரின் கை வணங்கப்படுகிறது. பிறப்பால் குனியவைக்கப்பட்டவரின் கையிலிருந்து தண்ணீர்கூட யாரும் வாங்குவதில்லை. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம், அது போதாமல் 2013இல் இன்னொரு சட்டம். இன்னும் குழிக்குள் இறங்கிச் சாகிறார்கள்.

அம்பேத்கர் இதைக் காந்தியத்தின் விஷயத்தில் மிகத் தெளிவாகக் கண்டார். துப்புரவு வேலையை உன்னதமான சேவை என்று புகழ்வது, அதைச் செய்யாதவர்களை அதைச் செய்யவைக்கும் என்றால் பொருளுண்டு. அதைச் செய்து கொண்டிருப்பவர்களிடமே போய்ப் புகழ்வது அவர்களை அங்கேயே கட்டிப்போடுவதற்கு என்பது 1945இல் அவர் எழுதியதன் சாரம். பிரசங்க மேடைக்கும் இது அப்படியே பொருந்தும். தாழ்மை பற்றிய பிரசங்கம் எந்தத் தெருவில் நடக்கிறது என்பதைப் பொறுத்தே அதன் பொருள் அமைகிறது.

தலித் இறையியலுக்குள்ளேயே இந்தச் சிக்கல் உண்டு. 1981இல் பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியில் ஆற்றிய உரையால் ஒரு புதிய பாதையைத் திறந்தவர் அரவிந்த் நிர்மல். பின்னர் சென்னை குருகுல் கல்லூரியில் தலித் இறையியல் துறையைக் கட்டினார். ஏவல்செய்யும் கடவுளே தலித்துகளின் கடவுள் என்றார் அவர். வீட்டு வேலைக்காரியையும் துப்புரவாளரையும் கடவுளின் சாயலாகக் காணத் தயாரா என்று மேல்சாதிக் கிறித்தவர்களைக் கேட்டார். அந்தக் கேள்வியின் கூர்மையை நாம் மறுக்கவில்லை. அது அன்று பலரைத் தூங்கவிடாமல் செய்த கேள்வி. ஆனால் அதே வாசகத்தைச் சேரியில் சொன்னால் என்ன ஆகும்? சேவையே உன் இயல்பு, கடவுளே அப்படித்தான் என்று ஒலிக்கும். மனு சொன்னதைக் கடவுள் வழிமொழிந்தது போலாகிவிடும். நிர்மலுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். இந்த ஓர் இடத்தில் அவரோடு உடன்பட இயலவில்லை.

இனி யோவான் சுவிசேஷத்தின் பதின்மூன்றாம் அதிகாரத்துக்குப் போகலாம். இரவுப் பந்தியில் இயேசு எழுந்திருக்கிறார், மேலாடையைக் கழற்றி வைக்கிறார், துண்டை இடுப்பில் கட்டிக்கொள்கிறார், சீடர்களின் காலைக் கழுவுகிறார். பிறகு மேலாடையைத் திரும்ப உடுத்திக்கொண்டு தம் இடத்தில் உட்காருகிறார். தாம் அவர்களுக்குப் போதகரும் ஆண்டவருமே என்று சொல்லவும் செய்கிறார். பிரசங்கங்களில் துண்டும் தண்ணீரும் பெரிதாக வரும். நம் கண்ணில்படுவது அந்த மேலாடை. கழற்றி வைக்க ஒரு மேலாடை இருந்தது. திரும்ப உட்கார ஓர் இடம் இருந்தது. திருவிதாங்கூரின் பெண்களுக்கு மேலாடையை உடுத்துவதற்கே உதையும் கிழிப்பும் தாண்டி 1859 வரை போராட வேண்டியிருந்தது. அந்த ஆண்டுப் பிரகடனமும் நாடார் பெண்களைப் பற்றித்தான் பேசியது. புலையர், பறையர் பெண்கள் அதற்குப் பிறகும் காத்திருந்தார்கள். உடுத்தவே விடப்படாதவரிடம் கழற்றி வைப்பதன் மேன்மையைப் பேசுவதில் என்ன இருக்கிறது? நாகர்கோவிலில் மால்ட் மிஷனரியின் மனைவி மார்த்தா 1820களில் பெண்பிள்ளைகளுக்குப் பின்னல்வேலை கற்றுக்கொடுத்தார். அடிமைக் குடும்பங்களில் பிறந்த சில பெண்கள் அந்தப் பின்னல் காசைச் சேர்த்துத் தங்கள் விடுதலையை விலைகொடுத்து வாங்கினார்கள். நூலும் ஊசியும் பிடித்த அந்தக் கைகள் செய்ததும் சுவிசேஷ வேலைதான். அதை யாரும் ஊழியம் என்று எழுதிவைக்கவில்லை.

பெரிய வியாழனன்று கத்தோலிக்கக் கோயில்களில் குருவானவர் பன்னிரண்டு பேரின் காலைக் கழுவுகிறார். 2013இல் போப் பிரான்சிஸ் உரோமை நகரில் சிறார் சிறைக்குப் போய், பெண்களும் இஸ்லாமியரும் உட்பட, அங்கிருந்தவர்களின் காலைக் கழுவினார். 2016இல் பெண்களைச் சேர்ப்பதற்கு விதியே மாற்றப்பட்டது. நம் ஊர்களில் அந்தப் பன்னிரண்டு பேரில் தலித்துகளைச் சேர்ப்பதில்லை என்பது தலித் கிறித்தவ இயக்கங்கள் பல்லாண்டுகளாகச் சொல்லிவரும் குறைகளில் ஒன்று. காலைக் கழுவுவதற்குத் தொட வேண்டுமே. கழுவுகிற வேலையைத் தலித்துக்குக் கொடுக்க மறுத்த சபை, கழுவப்படுகிற காலாகவும் அவரை ஏற்க மறுக்கிறது என்றால், அந்தச் சடங்கில் மிச்சம் இருப்பது தண்ணீர் மட்டும்தான்.

வேறு விதமாகச் செய்து காட்டியவர்களும் உண்டு. மதுரை இறையியல் கல்லூரியில் இருந்த தியோபிலஸ் அப்பாவு, நமக்கெல்லாம் பறட்டை, ஒரே உலையில் சமைத்து எல்லாரும் சேர்ந்து உண்பதை வழிபாட்டின் நடுவில் வைத்தார். பறையை வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். ஒரே உலை என்றால் பரிமாறுகிறவரும் உண்கிறவரும் மாறிமாறி வருவார்கள். யாரும் நிரந்தரமாகக் குனிந்து நிற்க வேண்டியதில்லை. 2005இல் அவர் மறையும்வரை இதைப் பாட்டாகவும் பந்தியாகவும் செய்துகொண்டே இருந்தார்.

அவருக்கு வெகுகாலம் முன்னால், மயிலாடியில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். மயிலாடியைச் சேர்ந்த மகாராசன் என்ற பறையர் சிதம்பரத்துக்கு யாத்திரை போய், மனம் நிறையாமல் திரும்பும் வழியில் தஞ்சாவூரில் கோலாப் ஐயரைக் கண்டு ஞானஸ்நானம் பெற்றார். வேதமாணிக்கம் என்று பெயர் கொண்டார். தன் ஊருக்கு ஒரு போதகரை அனுப்பும்படி அவர் விடாமல் கேட்டதால்தான் 1806இல் ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தார். தென்திருவிதாங்கூர்ச் சபை வெள்ளைக்காரர் தேடிவந்து உண்டாக்கியது அன்று. ஒரு பறையர் நடந்துபோய் அழைத்து வந்தது. ரிங்கல்தௌபே சிலேசியாவில் பிறந்த ஜெர்மானியர். சிறு வீட்டில், எளிய உடையில் வாழ்ந்தார். வந்த சம்பளத்தின் பெரும்பகுதியை ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவார். முன்கோபக்காரர், தன் சபையாரைக் கடிதங்களில் கடுமையாகக் குறைசொன்னவர் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

1816இல் உடல்நலம் கெட்டு அவர் புறப்பட்டார். அதன்பின் அவரைப் பற்றிய செய்தி வரவில்லை. பதிலுக்கு வேறு மிஷனரி இல்லை. மயிலாடிக் கோயிலில் சபையைக் கூட்டி, தம் வெள்ளை அங்கியைக் கழற்றி வேதமாணிக்கத்துக்கு உடுத்தி, சபைகளை அவர் கையில் ஒப்படைத்துவிட்டுப் போனார் என்று அந்தச் சபையின் மரபு சொல்கிறது. இராஜநாயக்கனுக்கு மறுக்கப்பட்டதற்கும் இதற்கும் நடுவில் முக்கால் நூற்றாண்டு இருக்கிறது. இந்த மேலாடை கழற்றியவரிடம் திரும்பி வரவில்லை. சுமார் இரண்டு ஆண்டுக்காலம் எந்த வெள்ளைக்காரரும் இல்லாமல் ஒரு பறையர் அந்தச் சபைகளை நடத்தினார். 1818இல் மீட் வந்து பொறுப்பேற்றதும் வேதமாணிக்கம் மறுபடி உபதேசியாராக ஊர் ஊராக நடக்கத் தொடங்கினார். 1827இல் இறக்கும்வரை அந்த வேலையைச் செய்தார்.